ஈரக்கரி டேங்கில் இரண்டு முறை அணைந்த விளக்கு

ஏட்டையா, கும்புடறனுங்க. சௌக்கியமுங்களா? ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்ளா? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்குங்க.

என் பெயர் அங்கமுத்து, வயது 57, தகப்பனார் பெயர் சின்னுசாமி. ஜேடர்பாளையம் பக்கம் காட்டுக்கொட்டாயில் குடியிருக்கிறேன். தேங்காய்த்தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அதைச் சூளையில் ஆவி விட்டு, தண்ணீர் சுத்தம் செய்யும் கரியாக மாற்றும் கம்பெனியில் ஆறு வருடமாகக் கூலி வேலை செய்கிறேன். என் மகள் தேவிப்ரியாவும் அங்கேதான் மூட்டை தைக்கிறாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, கழுவிய ஈரக்கரி கிடந்த இரும்பு டேங்கில் அடைப்பு என்று சூப்பர்வைசர் குருமூர்த்தி என்னையும், கூட வேலை செய்யும் தமிழரசுவையும் கூப்பிட்டார். டேங்க் மூன்று நாளாக மூடிக் கிடந்தது. எங்கள் ஊரில் தூர் வாரும் முன் கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்ப்போம். என் சித்தப்பா ஒருமுறை கோழியையே கூடையில் வைத்து இறக்கினார், அது மேலே வந்து முட்டை வைத்தது, அது வேறு கதை, தமிழரசுவுக்கும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நானும் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி டேங்குக்குள் விட்டேன். ஆள் உயரம் இறங்கியதும் அணைந்தது. அதன் பிறகு மறுபடி பற்றவைத்து விட்டேன், மறுபடியும் அணைந்தது. "ஏனுங்க, ஆள் எறங்க வேண்டாமுங்க" என்றேன்.

அதற்கு குருமூர்த்தி, "கெணத்துல வெசக்காத்து இருக்கும். இது தண்ணியவே சுத்தம் பண்ற கரி, இதுல என்னய்யா வெசம்? எறங்குடா தமிழு" என்றார். தமிழரசுவும், "அண்ணனுக்குக் கோழி வேணுமாட்ட இருக்குது" என்று சிரித்துக்கொண்டு இறங்கினான்.

அதன் பிறகு மூன்று முறை மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நான்காவது கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், கரிமேல் முகம் கவிழ்ந்து கிடந்தான். நான் ஏணியில் இரண்டு படி இறங்கினேன், கண் இருட்டியது, ஏறிவிட்டேன். அதன் பிறகு கொக்கி போட்டு இழுத்தோம். உயிர் இல்லை. மூடிய இடத்தில் ஈரக்கரி மூச்சுக்காற்றைக் குடித்துவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் குருமூர்த்தி என் தோளில் கை போட்டு, "வெளக்குக் கதையெல்லாம் எதுக்குங்ண்ணா? அவனாத்தான் எறங்குனான்னு சொல்லிப்போடுங்க. தேவிப்ரியா நம்ம கம்பெனிலதான இருக்குது" என்றார். இன்று அவர் வண்டியில்தான் இங்கே வந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். ஜன்னல் திறந்திருப்பதால் மெதுவாகச் சொல்கிறேன். விளக்கு இரண்டு முறை அணைந்தது.

இதெல்லாம் என் கண்ணால் கண்டது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாரும் மிரட்டாமல் நானாகவே சொன்னது என்று கடைசியில் எழுதுகிறீர்களே, ஐயா, அந்த வரி மட்டும்...

"அங்கமுத்தண்ணா, முடிஞ்சுதுங்களா? தேவிப்ரியா போன்ல இருக்குது, வாங்க."

இதா வாரனுங்க. ஏட்டையா, அந்த ஒரு வரிய மட்டும்