வரலாம் என்றுதான் சொன்னேன்

ஓடுகிறோம். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். பின்னால் வெடி. மூன்று. பிறகு ஒன்று. கூரைகள் சடசடவென்று எரிகின்றன.

"குனிங்க! தலையத் தூக்காதீங்க!"

கத்துவது நான். முதுகில் மகள். முன்னால் மனைவி கைருன். உம்மாவைக் காணவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஆனி. கிழக்கிலங்கையில் கலவரம் தொடங்கி மூன்றாம் நாள். கல்முனைக்கு மேற்கே, வயல் நடுவில் எங்கள் குடியிருப்பு. பதினெட்டு வீடுகள்.

அன்று காலை சைக்கிளில் சந்திவரை போய் வேவு பார்த்து வந்தவன் நான். இரண்டு லொறி நின்றது. ஆட்களின் கையில் பொல்லு, கத்தி, ஒன்றிரண்டு துப்பாக்கி. லொறிகள் வேறு பக்கம் பார்த்து நின்றன. ஆனால் ஒருவன் எங்கள் பாதையைக் கைகாட்டிக் கதைத்தான். என்ன கதைத்தான்? கேட்கவில்லை.

நேரே வட்டை விதானையிடம் போனேன். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். ஊரே அவர் சொல் கேட்கும். உம்மாவின் தம்பி.

"மாமா, அவனுகள் வரலாம். வராமலும் போகலாம். எனக்கு நிச்சயமில்ல. ஆனா பொம்புள, புள்ளையள இப்பவே அனுப்பிருவம்."

"லொறி இஞ்சால பாத்து நிண்டதா?"

"இல்ல. ஆனா..."

"காணும். அது போதும்."

லுஹர், நடுப்பகல் தொழுகை முடிந்தது. பள்ளிவாசலில் மாமா எழுந்து நின்றார்.

"இவன் கண்ணால பாத்துட்டு வந்திரிக்கான். அவனுகள் வரமாட்டானுகள். ஒருத்தரும் வெளிக்கிட வேணாம். தண்ணி கட்டாட்டி வேளாண்மை கருகிரும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சபை நடுவே தாய்மாமனைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை. கட்டிவைத்த மூட்டைகளைப் பெண்கள் அவிழ்த்தார்கள்.

பின்னேரம், அசர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பாதியில் நின்றது. லொறிச் சத்தம்.

மறுநாள் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடம். அகதிகளாய்க் கிடக்கிறோம். மாமி சோறு கொண்டு வருகிறார். மாமாவின் மனைவி. உடுப்பில் சேறில்லை.

"நீங்க எப்ப வந்தீங்க, மாமி?"

"நேத்துக் காலையிலயே. நீங்கதான் வரலாம் எண்டு சொன்னீங்களாமே, மருமகன். உடனே ஒருத்தருக்கும் சொல்லாம என்னையும் புள்ளையளையும் வண்டில ஏத்திட்டார்."

சோற்றைக் கீழே வைத்தேன். நான் சொன்னது அவருக்கு விளங்கியிருந்தது. சரியாகவே விளங்கியிருந்தது. எங்களுக்குத்தான் மாற்றிச் சொன்னார், என் பேரில்.

மாமா உயிர் தப்பினார். அவர் முகத்தில் நான் பிறகு விழிக்கவில்லை.

எரிந்தவை பதினொரு வீடுகள். பள்ளிவாசல். இரண்டு சோடி மாடு. செத்தவர்கள்: என் உம்மா, கிணற்றடியில். பக்கத்து வீட்டு மீராசா. அவருடைய இரண்டு மகன்மார். என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா கதீஜா, நிறைமாதம். ஐந்து என்று பதிவில் எழுதினார்கள். நான் ஆறு என்று எண்ணுகிறேன்.