முப்பது நாளும் பச்சை

– டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன்.

– சொல்லலாம் சிஸ்டர், முதல்ல கையெழுத்து. இந்தக் கட்டத்துல. பத்து மணிக்கு கமிட்டி. தலைமை நர்ஸ் கையெழுத்து இல்லாம ஃபைல் நகராது.

– எதுக்குப் போடறேன்னு படிச்சிட்டுப் போடலாமா?

– படிக்க என்ன இருக்கு? சிம்பிள். இதயம் பலவீனமான முப்பது பேர வீட்டுக்கு அனுப்பினோம். ஆளாளுக்கு போன்ல ஆப் போட்டுக் குடுத்தோம். காலையில எட்டு மணிக்கு அது கேட்கும், ‘இன்னிக்கு எப்படி இருக்கீங்க?’ நல்லா இருந்தா பச்சை. மூச்சு வாங்கினா, கால் வீங்கினா சிவப்பு. இன்னியோட முப்பது நாள். தொள்ளாயிரம் பச்சை, ஒரு சிவப்பு கூட இல்ல. டேட்டா பேசுது சிஸ்டர்!

– அட! என் வார்டுல ஒரு மணி நேரம் யாரும் குறை சொல்லலன்னா, எழுந்து போய் மூச்சு இருக்கான்னு பார்ப்பேன் நான்.

– இதான். புதுசா எது வந்தாலும் உங்களுக்கு ஆகாது.

– ஆகாதுன்னு சொல்லல டாக்டர். ஆழம் பார்த்துட்டுக் காலை விடலாம்ங்கறேன். ரெண்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு? திங்கட்கிழமையிலேருந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸ் வேண்டாம்னு.

– ஆப் இருக்கும்போது ஆள் எதுக்கு?

– அதைத் தெரிஞ்சுக்கத்தான் முந்தாநேத்தும் நேத்தும் நானே போயிட்டு வந்தேன். பதினோரு வீடு.

– சிஸ்டர்! சோதனை முடியற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு விதி!

– லீவு போட்டுட்டுத்தான் போனேன், விதிக்கு ஒண்ணும் ஆகல. அதுல ஒருத்தர், தையல்காரர், நாற்காலியிலயே தூங்கறாரு. படுத்தா மூச்சு முட்டுதாம். கணுக்கால அழுத்தினேன், விரல் பதிஞ்ச குழி அப்படியே நின்னுது.

– அவரா? இதோ பாருங்க, முப்பதும் பச்சை.

– அதைத்தான் நானும் கேட்டேன். ‘டாக்டர் தம்பி தானே போன் பண்ணி, இது என் கனவு, நீங்கதான் ஜெயிக்க வைக்கணும்னு கேட்டுக்கிட்டார். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சிவப்பு அழுத்தறது?’ன்னாரு. நிஜமாவே போன் பண்ணீங்களா?

– முப்பது பேருக்கும் பண்ணேன். பாசமா நாலு வார்த்தை. ஒத்துழைப்பு வேணும்ல?

– வேண்டிய மட்டும் குடுத்துட்டாங்க. இன்னொருத்தர், பஸ் டிரைவர், மூச்சு வாங்கற அன்னிக்கு மாத்திரைய ரெண்டாப் போட்டுக்கிட்டு, அப்புறம் நிம்மதியா பச்சை அழுத்தறார். உங்க முகம் வாடிடக் கூடாதாம்.

– ரெண்டு பேர வச்சு முடிவு பண்ண முடியாது சிஸ்டர்.

– ரெண்டு இல்ல, ஏழு பேருக்குக் கால் வீக்கம். ட்யூட்டி டாக்டர்கிட்ட சொல்லி ஏழு பேரையும் வரச் சொல்லியாச்சு. அதோட இன்னிக்குக் காலையில…

– இருங்க, நான் முடிச்சுக்கறேன். எனக்கு நம்பிக்கை இல்லாமலா எங்க அப்பாவையே முதல் ஆளா சேர்த்தேன்? கணக்கு வாத்தியார். சொந்தப் பையன்னும் பார்க்காம ஒரு மார்க்குல என்னை ஃபெயிலாக்கின மனுஷன். அவர் வாயில பொய் வராது. அவரே முப்பது நாளும் பச்சை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

– அப்பாவ கடைசியா எப்போ பார்த்தீங்க?

– தினமும் பார்க்கறேனே. ஆப்ல.

– சரி விடுங்க. பன்னிரண்டாவது வீடு அவரோடது டாக்டர். ஆறு மணிக்கு, ட்யூட்டிக்கு வர்ற வழியில போனேன். மூணு தலகாணிய முதுகுக்கு வச்சு உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு பத்தல.

– என்ன சொல்றீங்க?

– ஏன் சார் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். ‘ஒரு தடவை அவனை ஃபெயிலாக்கினேன் சிஸ்டர். மூணு நாள் எங்கிட்ட பேசல. இந்த வயசுல மறுபடியும் அதைத் தாங்க மாட்டேன்’னார்.

– ஐயோ, அப்பா… இப்ப எங்க இருக்கார்?

– பதறாதீங்க. கையோட கூட்டிட்டு வந்துட்டேன். ஊசி போட்டாச்சு, நீர் பிரியுது, மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்கு. கமிட்டி முடியற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கேட்டார். நான் பண்ணல. உள்ள வந்ததும் இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க பேனாவ நீட்டினீங்க.

– இல்ல சிஸ்டர், இருக்காது. இதோ, இன்னிக்கு எட்டு மணிக்குக் கூட பச்சை வந்திருக்கே!

– வந்திருக்கும். நம்ம வார்டுல, நாலாம் நம்பர் பெட்டுல, ஒரு கையால ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால என் கண்ணு முன்னாடிதான் அழுத்தினார்.