அகல்யாவின் முகத்தில் பூஞ்சை

பழைய படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். கெட்டுப்போகத் தொடங்கிய அந்தக் காலத்து நைட்ரேட் சுருள், மழையில் நனைந்த காலுறை மாதிரி நாறும். ஓமலூரில் ஒரு டூரிங் டாக்கீஸ்காரரின் குடோனிலிருந்து செந்தமிழன் கொண்டுவந்த டப்பாக்களில் அந்த நாற்றமே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தீனதயாளன். முன்பு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது அஸ்தம்பட்டியில் மாடி வீட்டில் பழைய படங்களை ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கிக் கொடுக்கிறேன். செந்தமிழன் இந்த ஊரில் திரைப்படச் சங்கம் நடத்துகிறவர். அவர் கொண்டுவந்தது நடிகை அகல்யா கதாநாயகியாக நடித்த படம்.

அகல்யா யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிறுமியாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பெண்கள் அழுவதற்கும் பாடுவதற்கும் மட்டுமே திரையில் வந்துகொண்டிருந்த காலத்தில் கத்தி பிடித்தார், குதிரை ஏறினார். பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்துப் படம் இயக்கினார். அந்தப் படங்கள் எதுவும் இன்று இல்லை. அந்தக் காலத்தில் ஓடி முடிந்த சுருளை எடைக்குப் போடுவார்கள். அதைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும், மிச்சத்தில் வளையல் செய்வார்கள். அகல்யாவின் மற்றப் படங்களெல்லாம் யார் யார் கையிலோ வளையலாகி உடைந்துபோயின. மிஞ்சியது இது ஒன்றுதான். அவரும் இருந்தார், தொண்ணூறு கடந்து, ஃபேர்லேண்ட்ஸில் தங்கை மகள் வீட்டில்.

இந்தப் படத்தில் கதாநாயகி பாலத்திலிருந்து காவிரியில் குதிக்கும் காட்சி ஒன்று உண்டு. அவரைப் பெரிய ஆளாக்கியது அந்தக் காட்சிதான். குதித்தது அவர் இல்லை. என் அம்மா கண்ணாத்தாள்.

அம்மா மோகனூர்க்காரி, மீன் மாதிரி நீந்துவாள். சின்ன வயதில் படித்துறையில் விழுந்து இடது புருவம் நடுவில் பிளந்துவிட்டது. அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. அந்தப் படத்துக்காகப் பதினேழு வயதில் குதித்தாள். இரண்டாவது தடவை குதித்ததில் இடுப்பு உடைந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அகல்யாவோ பேட்டிக்குப் பேட்டி, "நானே குதித்தேன்" என்றார்.

"மொத தடவையே நல்லாத்தான் வந்துச்சு. இன்னொருக்கா குதிக்கச் சொல்லுன்னது அந்தம்மாதான் சாமி," என்று கண்ணுசாமி மாமா சொல்வார். மாமா அன்றைக்குக் கரையில் நின்று பார்த்தவர்.

அம்மா மட்டும், "உடு சாமி, ஆத்துல தண்ணி கொறஞ்சு கெடந்துச்சு. அதுக்கு ஆரு என்ன பண்ணுவாங்க," என்பாள். அம்மா செத்து வெகுநாளாகிறது. அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

நான் செய்ததைப் புரியும்படி சொல்கிறேன். தூசி ஒரு பிரேமில் மட்டும் இருக்கும். முன் பிரேமையும் பின் பிரேமையும் ஒப்பிட்டுக் கம்ப்யூட்டரே அதை நீக்கிவிடும். கீறல் அப்படி இல்லை. புரொஜெக்டருக்குள் ஏதோ உரசி உண்டாவது, பல பிரேம்களுக்குத் தொடர்ந்து வரும். ஆனால் ஓர் அடையாளம் உண்டு. திரையில் ஆள் நகர்ந்தாலும் கீறல் நகராது, நின்ற இடத்திலேயே நிற்கும். இதையெல்லாம் நீக்கத் தெரிந்தவனுக்கு, இல்லாத இடத்தில் உண்டாக்கவும் தெரியும்.

வேறொரு கெட்டுப்போன சுருளிலிருந்து பூஞ்சைக் கறைகளை எடுத்தேன். அகல்யாவின் முகத்தை அடையாளம் காட்டினால், படம் முழுக்க அந்த முகம் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்கும். கொடுத்த இடத்திலெல்லாம் கறையைப் படரவிட்டேன். மற்ற எல்லாரையும் நேற்று எடுத்த மாதிரி துலக்கினேன். அம்மா குதிக்கும் காட்சியை அதிகமாகத் துலக்கினேன். அதில் அவள் தூரத்தில், முதுகு காட்டித்தான் இருக்கிறாள். அதுவே போதும் என்றிருந்தது.

இடையில் வந்து பார்த்த செந்தமிழன், "ஏனுங்கண்ணா, இந்தம்மா மூஞ்சில மட்டும் பூஞ்சை குடும்பம் நடத்துதுங்களா?" என்றார்.

"அழகான எடமாப் பாத்துக் குடியேறிடுச்சுங்க தம்பி," என்றேன். சிரித்தார்.

ஸ்கேன் முடிந்த சுருளைப் படக் காப்பகத்தின் குளிர்அறைக்கு அனுப்பியதாக அவரிடம் சொன்னேன். அனுப்பவில்லை. நைட்ரேட் சுருள் தனக்குள்ளிருந்தே ஒருவித வாயுவை விடும். காற்று பட்டால் அது கலைந்துபோகும். டப்பாவை டேப் போட்டு மூடி வெயிலில் வைத்தால் அந்த வாயுவே சுருளைத் தின்னும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் சித்திரையும் வைகாசியும் வைத்திருந்தேன். நீங்கள் கைப்பற்றிய பழுப்புத் தூள் அதுதான். கறை படாத ஸ்கேனையும் அழித்துவிட்டேன். வாழ்ந்த தடமே இல்லாமல் போனால் எப்படியிருக்கும் என்று, அகல்யா உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் காட்ட நினைத்தேன்.

திரையிட்ட அன்று அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து முன்வரிசையில் வைத்தார்கள். நான் பக்கவாட்டில் நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வர வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளைக் கறை கொதித்தது. அவர் சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு நிறைவாக இருந்தது.

பாலத்துக் காட்சி வந்ததும் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க."

படம் நின்றது.

"அங்க குதிக்கறது நானில்லைங்க. மோகனூர்க் கண்ணாத்தாள். இன்னொருக்கா குதிக்கச் சொன்னது நாந்தான். அதுல அவ இடுப்பு போச்சு. இத்தன வருசமா நான் குதிச்சேன்னு பொய் சொன்னேன். நாலு பேருக்கு முன்னால உண்மையச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவர் மேலே ஓட்டச் சொன்னார். அடுத்து, கதாநாயகி ஈரத்தோடு கரையேறி நேராகக் காமிராவைப் பார்க்கும் காட்சி. அங்கும் கறை.

"ஏனுங்க, இதுவும் அவதானுங்களே," என்றார். "மொத தடவை குதிச்சுக் கரையேறினப்பவே புடிச்சது. எனக்கு அன்னைக்குக் காச்சல். எம்மாதிரியே அவளுக்கு மை தீட்டி உட்டாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. மூஞ்சி முழுசாத் தெரியுமே. எங்க சாமி அந்த மூஞ்சி?"

அதன் பிறகுதான் செந்தமிழன் சந்தேகப்பட்டுப் போலீஸுக்கு, உங்களிடம் வந்தார்.

அந்தக் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்ப்யூட்டர் அதையும் அகல்யா என்றே காட்டியது. அத்தனை முகங்களிலும் எனக்கு அதிகம் கோபம் வந்தது அந்த முகத்தின் மேல்தான், ஏனென்றால் அது சிரித்தது. அதற்கு மட்டும் கறையைக் கையாலேயே வைத்தேன். கறைக்கு முன் வழக்கப்படி சுத்தமும் செய்தேன். இடது புருவத்தின் குறுக்கே சின்னதாக ஒரு கீறல் இருந்தது. அதை நீக்கினேன்.

பதினேழு வயது அம்மாவை நான் பார்த்ததில்லை. அந்த வயதில் அவளுக்குப் புகைப்படம் எதுவும் கிடையாது. ஆனால் அகல்யா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு குழம்பியிருக்கும். நான் நீக்கியது சுருளில் இருந்த கீறல்தான், மேடம். முகம் திரும்பியபோது அதுவும் கூடவே திரும்பியது. பழைய சுருள்களில் சில சமயம் அப்படியும் நடக்கும்.