அகலப் பட்டை

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் அறையின் உத்திரம் நல்ல உருக்கு, ஐயா. நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். எங்கே போனாலும் முதலில் மேலே பார்ப்பது என் பழக்கம். பெண் பார்க்க வந்த அன்று நான் தன் முகத்தைப் பார்க்காமல் கூடத்து விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி தாட்சாயிணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

என் பெயர் வீரராகவன். ஓவர்சியர் படிப்புப் படித்தவன். சொந்த ஊர் ஆவடிப் பக்கம். யுத்தத்துக்காகப் பட்டாளத்து முகாம் போடுவதற்கு எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, இங்கே பூந்தமல்லியில் தாட்சாயிணியின் அண்ணன் பரந்தாமன் வீட்டோடு வந்து தங்கிவிட்டேன். டிரங்க் ரோட்டில் அவர் கட்டிய நெல் கிடங்கின் மேல்தளம் போன மாதம் இடிந்து விழுந்ததும், ஏழு பெண்கள் இறந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். விசாரணையும் முடிந்துவிட்டது. விபத்து என்று தீர்ப்புச் சொன்னார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியருக்கு, அதாவது எனக்கு, இரும்பைப் பற்றிய விவரம் போதாது, தெரியாமல் செய்துவிட்டார், அவர் மேல் குற்றமில்லை என்றும் சொன்னார்கள். அது பிசகு. அதைத் திருத்திக்கொண்டு போகலாம் என்று வந்தேன். என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை.

முதலில் இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஓர் உத்திரத்தை இரண்டு சுவர் மேல் வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளையும். வளையும்போது மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு முருங்கைக்காயை இரண்டு முனையிலும் பிடித்து, நடுப்பகுதி கீழே இறங்குகிற மாதிரி வளைத்துப் பாருங்கள், அடிப்பக்கம்தான் முதலில் கிழியும். உருக்கு நெருக்கலையும் தாங்கும், இழுப்பையும் தாங்கும். தாங்க முடியாமல் போனாலும் திடீரென்று கைவிடாது. தொய்யும், கதவு நிலை இறுகும், சுவரில் விரிசல் காட்டும், கீழே இருப்பவன் எழுந்து வெளியே போக அவகாசம் கொடுக்கும். எனக்கு உருக்கின் மேல் மரியாதை உண்டு. வார்ப்பிரும்பு அப்படி இல்லை. மேலே வைத்து அழுத்தினால் மலையைக்கூடத் தாங்கும். இழுத்தால் மண்சட்டி மாதிரி பட்டென்று விடும். சொல்லிக்கொள்ளாது.

அதனால்தான் அந்தக் காலத்தில் வார்ப்பிரும்பில் உத்திரம் வார்த்தவர்கள் அதன் இரண்டு விளிம்பையும் ஒரே அளவாக வைக்கவில்லை. ஒரு பட்டை குறுகல், ஒரு பட்டை நல்ல அகலம். இழுபடும் கீழ்ப்பக்கத்தில் அகலப் பட்டை இருக்க வேண்டும். இதை எனக்கு இருபது வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் மறந்ததில்லை.

கிடங்குக்குச் சுவர் எழும்பிய சமயத்தில் உருக்கு கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறுத்திருக்கலாம் என்றேன். மச்சான் பொறுக்கவில்லை. பட்டணத்தில் இடிபட்ட ஒரு பழைய பங்களாவிலிருந்து மூன்று உத்திரங்களை எடுத்து, வேலப்பன்சாவடி வழியாக மாட்டு வண்டிகளில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முனையைச் சுத்தியால் தட்டினேன். உருக்கு கணகணவென்று சத்தம் கொடுக்கும். இது மொத்தென்று ஒலித்தது.

"மச்சான், இது வார்ப்பிரும்பு. உருக்கு இல்ல. நெல்லு மூட்டைக்கு ஆகாது" என்றேன்.

வேலையாட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாரம் தூக்கும் கோஷ்டியின் தலைவன் வேம்புலி இருந்தான். தளம் அடிக்கும் பெண்களின் தலைவி, அவன் மனைவி கன்னியம்மாள் இருந்தாள். மச்சான் வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இன்னா மாப்ளே, இரும்புல கூட சாதி பாக்குறியா? இரும்புன்னா இரும்புதான். நீ சுண்ணாம்பு கொழகொழன்னு கீதா பாரு, அது போதும் உனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாளின் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சற்று நேரம் நீடித்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் கெட்டவர் அல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சாப்பாடு போட்டார், என் குழந்தையின் காதுகுத்தைத் தன் செலவில் நடத்தினார், பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "இவுரு நம்ம மாப்ள, பட்சவரு, ஆனா ஒண்ணும் தெரியாது" என்று முதுகில் தட்டிச் சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். மூன்று வருஷம் சிரித்தேன்.

தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ஒருவன் ஒரு தடவைதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

உத்திரம் ஏற்றும் நாளில் சங்கிலி எல்லாம் கட்டி முடித்த பிறகு வேம்புலி என்னிடம் வந்தான். எதையும் கேட்காமல் செய்யமாட்டான். நல்ல வேலைக்காரன்.

"ஓர்சியரே, ஒரு பக்கம் பட்டை அகலமா கீது, ஒரு பக்கம் குறுகலா கீது. எந்தப் பக்கம் மேல வரணும்?"

மச்சான் நிழலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். நான் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர் இங்கே கவனிக்கவே இல்லை.

"அகலப் பட்டை மேல வரட்டும் வேம்புலி. மரச்சட்டம் நல்லா உட்காரும்" என்றேன்.

"சரி, சாமி" என்றான். மூன்றையும் அப்படியே தூக்கி உட்காரவைத்தான். ஒரு நூல் பிசகவில்லை. மறுநாள் நானே நின்று மூன்றுக்கும் செந்தூரப் பூச்சுப் பூசவைத்தேன். வர்ணம் காய்ந்த பிறகு உருக்கும் வார்ப்பிரும்பும் பார்வைக்கு ஒன்றுதான்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டேன். பாரத்தில் மூன்று வகை உண்டு, ஐயா. அசையாமல் கிடப்பது ஒன்று: மரச்சட்டம், செங்கல், சுண்ணாம்புத் தளம். வந்து போவது ஒன்று: ஆட்கள், மூட்டைகள். மூன்றாவது, மேலேயிருந்து விழுவது. மெதுவாக இறக்கி வைத்த மூட்டையைவிட, தொப்பென்று போட்ட மூட்டை இரண்டு பங்கு கனக்கும். தலைகீழாக வைத்த அந்த உத்திரம் தளத்தைத் தாங்கும், தளத்தில் வேலை செய்கிறவர்களையும் தாங்கும். அறுவடை வந்து மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கும்போது விட்டுவிடும். அடுக்குகிற நாட்களில் மச்சான் கீழே நடு உத்திரத்துக்கு நேராகப் பலகை போட்டு உட்கார்ந்து ஏவிக்கொண்டிருப்பார். பழைய கிடங்கிலும் அவர் இடம் அதுதான். கூடத்தின் நடுவில் உட்காராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

தாட்சாயிணி தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். உத்திரம் ஏற்றிய அன்றிலிருந்து உள்ளே வர வேண்டாம், ரோட்டுப் புளியமரத்தடியிலேயே கொடு என்று சொல்லிவிட்டேன். சுண்ணாம்புத் தூசு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மனைவி விஷயத்தில் நான் எப்போதும் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.

தளம் அடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு தாளம். அந்த அடி உத்திரத்துக்குப் பெரிய பாரமில்லை. ஒன்று விழும்போது இன்னொன்று எழுந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

கன்னியம்மாளின் கோஷ்டிக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. தளம் இறுகி முடிகிற நாளில் எல்லோரும் நடுவில் வந்து இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, அவள் பாட்டு எடுக்க, ஒரே சமயத்தில் கட்டையை ஓங்கி ஒரே சமயத்தில் போடுவார்கள். முடிப்பு என்பார்கள். அப்படிச் செய்தால்தான் கட்டடச் சொந்தக்காரன் கையால் சேலை வாங்கலாம். நான் எத்தனையோ தளங்களில் பார்த்திருக்கிறேன். கணக்குப் போடும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. மறதி வேறு, தெரியாமை வேறு. இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

அன்றைக்கு மச்சான் மாங்காட்டில் அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தார். நான் புளியமரத்தடியில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து தாறுமாறாக வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. கன்னியம்மாளின் குரல் மட்டும் கேட்டது. பிறகு எல்லாக் கட்டைகளும் ஒன்றாக விழுந்தன. தரை வழியாக அது என் காலுக்கு வந்தது.

அந்த இடத்திலேயே கணக்கைத் திருத்திப் போட்டேன். மனக்கணக்கில் நான் கெட்டிக்காரன். விடை உடனே வந்துவிட்டது. பாட்டில் இன்னும் நிறைய அடிகள் பாக்கி இருந்தன. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே. ஆனால் எழுந்து கீழே வாருங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஐயா. ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை மரத்துக்கு ஊற்றினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பட்டென்று ஒன்று, அவ்வளவுதான். பிறகு தூசு. தூசுக்குள்ளே கொஞ்ச நேரம் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் உள்ளே போனேன். விசாரணையில் அதைப் பாராட்டிக்கூடச் சொன்னார்கள். நான் நேராகப் போய் நடு உத்திரத்தின் முறிந்த முனையைப் பார்த்தேன். சாம்பல் நிறம், உடைத்த கல்கண்டு மாதிரி மணிமணியாக இருந்தது. வார்ப்பிரும்புதான். நான் சொன்னது சரிதான். வேம்புலி பின்னாலேயே ஓடிவந்து வெறும் கையால் செங்கற்களைத் தோண்டினான். அவனுக்கு நானும் உதவி செய்தேன்.

மச்சான் குங்குமத்தோடு வந்து சேர்ந்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக்கு ஆவடி முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரை வரவழைத்தார்கள். அவர் உடைந்த துண்டைக் காலால் புரட்டிப் பார்த்தார். தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்றார். வைக்கச் சொன்னவனுக்கு ஒன்றும் தெரியாது என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மச்சான் எழுந்து கைகூப்பினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எசமான், தப்பு என்னுது. வாங்கியாந்தது நானு. எங்க மாப்ள அப்பாவி, அவுருக்கு இரும்பப் பத்தி இன்னா தெரியும்? அவுர ஒண்ணும் செஞ்சிடாதீங்க" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். நான் சொன்னதும் அவர் சிரித்ததும் அவருக்கு உண்மையிலேயே மறந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அன்று முதல் ஊரில் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். தாட்சாயிணி சாதம் போடும்போது என் தலையைத் தடவுகிறாள். இதுவரை அப்படிச் செய்ததே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று வேம்புலி வந்தான். பாதி ஆளாகியிருந்தான். வாசலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டான். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டான்.

"சாமி, எனுக்கு ராவெல்லாம் அதே நெனப்பு. எந்தப் பக்கம் மேலன்னு உங்களாண்ட கேட்டேன் பாரு, கேக்காம நானா குறுகலு மேல வெச்சிருந்தா எங்க கன்னி இருந்திருப்பா. உங்க மேல எனுக்குக் கோவமில்ல. உங்களுக்கு தெரியாது. தெரிஞ்சிருந்தா அகலம் மேலன்னு நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சொல்லிவிட்டு என் காலைத் தொட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, ஐயா. இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் அவமானம் பட்டதில்லை. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் காலையில் புறப்பட்டு வந்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். ஏழு பேர் செத்ததை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள். அகலப் பட்டை கீழேதான் இருக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று முதல் வரியில் எழுதுங்கள். எழுதிவிட்டு மச்சானைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.