கால் வைத்த பெட்டி

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தால் எனக்குக் கால் வீங்கிவிடும் சார். எதன் மேலாவது தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது, வைத்துக்கொண்டேன். குற்றம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருந்தது மச்சானுடைய அச்சகத்தின் மூன்று வருடக் காகித ரசீதுகள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், எனக்கு முதலாளி. காகிதம் வாங்கியதே பொய்க்கணக்கு என்று சொல்லி வரி போட்டிருந்தார்கள். ரசீதைக் காட்டினால் வழக்கு ஜெயிக்கும், காட்டாவிட்டால் அச்சகமும் வீடும் ஏலத்துக்குப் போகும்.

ஆபீசையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினோம். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். குனியத்தான் முடியவில்லை, கால் வீக்கம் பாருங்கள். வக்கீல் மூன்று வாய்தா வாங்கினார். ஃபீசைத் தவிர அந்த மனிதர் வாங்கித் தந்தது அது ஒன்றுதான். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தது நான்.

தேதி கழிந்த ஐந்தாம் நாள், பெட்டியைப் பரணில் ஏற்றிவைத்து நானே கண்டெடுத்தேன்.

"மாப்ள, என் வயித்துல பாலை வார்த்தீங்க" என்று மச்சான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நீதிபதி அதைத் திறக்கவே விடவில்லை. "இத்தனை நாள் இது எங்க தூங்குச்சு?" என்றார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். வீடு ஏலம் போன வாரமே மச்சானுக்குப் பக்கவாதம் வந்து வாய் அடைத்துப்போனது.

நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்தொன்பது வருடமாக, யார் வந்தாலும் என் தோளில் கைபோட்டு ஒரே அறிமுகம்: "நம்ம மாப்ள. வேற போக்கிடம் இல்ல, பாவம்." அந்தப் 'பாவம்' கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பெட்டி மூடியில் இரண்டு குதிகால் பள்ளம் விழுந்திருந்தது. வழக்குக் காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது என் மனைவி பார்த்துவிட்டாள். "இது உங்க காலுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அடுத்த நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், பழிவாங்கினான் என்று மட்டும் எழுதாதீர்கள். பழிவாங்குகிறவன் மச்சானைத் தன் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுவானா? நேற்றுவரை நான்தான் வாயைத் துடைத்து ஊட்டினேன். யார் பார்க்க வந்தாலும் அவர் தோளில் கைபோட்டு மரியாதையாகச் சொல்வேன்: "எங்க மச்சான். வேற போக்கிடம் இல்ல, பாவம்."

அப்போதெல்லாம் அவர் கண் கலங்கும் சார். நன்றிதான், வேறென்ன.