தட்டினால் விட்டுவிட வேண்டும்

என் காதுகளைப் பார்த்துச் சங்கடப்பட வேண்டாம், ஐயா. இங்கே யாரும் என்மேல் கை வைக்கவில்லை. பாயில் புரண்டு பழகுகிற எல்லோருக்கும் காது இப்படித்தான் கட்டிப்போய், பிசைந்து வைத்த மாவு மாதிரி ஆகிவிடும். யுகேஷுக்கும் இதே காதுதான். பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

நீங்கள் என்னை நல்லவிதமாகத்தான் விசாரிக்கிறீர்கள். அது தவறிப்போய் நடந்தது, யுகேஷ் தட்டியது எனக்குத் தெரியவில்லை, அப்படித்தானே என்று மறுபடியும் மறுபடியும் கேட்கிறீர்கள். எங்களுக்குப் பழக்கிய ஹில்மி நானாவும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்கிறீர்கள். ஆமாம் என்று சொன்னால் சாயந்தரம் நான் வீட்டுக்குப் போகலாம் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். கண்டி மார்க்கெட்டில் நாட்டாமி வேலை. லொறியில் வருகிற மூட்டையை முதுகில் இறக்கிக் கடைக்குள் கொண்டுபோய் அடுக்குவது. யுகேஷ் அதே தோட்டத்துக்காரன், என்னைவிட இளையவன். அவனை அந்த வேலைக்குக் கூட்டிவந்தவன் நான். முதல் மூட்டையை எப்படிக் கழுத்தில் ஏற்றுவது என்று காட்டிக்கொடுத்தவனும் நான்தான். தலையைக் குனிந்துகொள், கனம் வந்தால் நிற்காதே, முன்னாலேயே போய்க்கொண்டிரு என்றேன். நின்றால் கால் மடங்கிவிடும், ஐயா. போய்க்கொண்டே இருந்தால் மூட்டை தானாக உங்களைக் கடைக்குள் கொண்டுபோய்விடும்.

மடவளையில் ஹில்மி நானாவின் டைல்ஸ் கடைக்குச் சரக்கு இறக்கப் போனபோதுதான் இது ஆரம்பித்தது. அவர் கட்டாரில் வேலை செய்த காலத்தில் ஒரு பிரேசில்காரனிடம் ஜியு-ஜிட்சு படித்துவிட்டு வந்தவர். கடைக்கு மேலே மண்டபத்தில் பாய் விரித்துச் சிலருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். யுகேஷ் டைல்ஸ் பெட்டியோடு படி ஏறுவதைப் பார்த்துவிட்டு, "தம்பிட இடுப்பு நல்லாயீக்கி. பெட்டிய வச்சிட்டு மேல வாங்களேன், ஒரு கை பாப்பம்" என்றார். நானும் கூடவே போனேன்.

அந்த விளையாட்டில் அடி கிடையாது. ஆளைத் தரைக்குக் கொண்டுவந்து கையையோ காலையோ கழுத்தையோ பூட்டுப் போட்டு மடக்குவது. பூட்டு விழுந்தவன் கையால் தட்டுவான். எதிராளியின் உடம்பில் தட்டுவான், இல்லாவிட்டால் பாயில். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். முதல் நாள் ஹில்மி நானா சொல்லித்தந்தது அந்த ஒன்றைத்தான். "ஒருத்தன் தட்டினா அவன்ட உசிரு ஒங்கட கையில ஈக்கி. அத உடனே திருப்பிக் குடுத்துடணும்" என்றார். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் முழுப் பலத்தோடும் பழக முடிகிறது. உங்கள் கழுத்தை நீங்கள் ஒருவனிடம் கொடுக்கிறீர்கள். தட்டினால் அவன் தந்துவிடுவான்.

மார்க்கெட்டில் எங்களைக் கிண்டல் பண்ணினார்கள். வீரய்யா என்று ஒரு பழைய நாட்டாமி, "அடேய், ரெண்டு ஆம்பளைங்க கட்டிப் புரள்றதுக்கு இடுப்புப் பட்டி வேற குடுக்குறாங்களா? நானும் எம் பொஞ்சாதியும் புரண்டதுக்கு நாலு புள்ளைங்கதான்டா கெடச்சிச்சு" என்றார். யுகேஷ் மூட்டையை இறக்காமலே, "நீங்க நேரத்தோட தட்டியிருக்கணும் மாமா" என்றான். அன்று முழுக்க மார்க்கெட்டே சிரித்தது. அப்படி வாய்க்காரன் அவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீலப் பட்டி எடுத்தான், ஊதாப் பட்டி எடுத்தான். கொழும்பில் ஜெயித்தான், டுபாய்க்குப் போயும் ஜெயித்துவந்தான். என் முழங்கால் போய்விட்டது. நான் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் அவன் போட்ட ஒவ்வொரு பூட்டும் முதலில் என் உடம்பில்தான் போட்டுப் பார்த்தது. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவனுக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அவன் கூண்டுச் சண்டைக்குப் போனான். அங்கே குத்தலாம், உதைக்கலாம், கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்தும் அடிக்கலாம். ஜியு-ஜிட்சுவைப் பார்க்க எங்கள் வீட்டாட்கள்கூட வரமாட்டார்கள், ஐயா. கூண்டுச் சண்டைக்குச் சனம் கூடும். அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். தோட்டத்தில் பிறந்த ஒருவனுடைய பெயரைக் கொழும்பு கத்துவதை நீங்கள் கேட்டதில்லை. நான் கூண்டுக்கு வெளியே ஐஸ் பையோடு நின்று கேட்டேன்.

முதல் சண்டைகளில் ஓர் அடிகூட வாங்கவில்லை. ஆளைக் கட்டிப்பிடிப்பான், சாய்ப்பான், கழுத்தைப் பூட்டுவான், முடிந்தது. பிறகு எதிராளிகள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். கிட்டே வராமல் எட்ட நின்று தலையில் அடித்தார்கள். மற்றவர்கள் அடி விழுந்தால் பின்னால் போவார்கள், பக்கமாக விலகுவார்கள். யுகேஷுக்கு அது வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முன்னாலேயே போனான். ஹில்மி நானா தொண்டை கட்டும்வரை கத்தினார். நான் கத்தவில்லை. அந்த நடை எனக்குத் தெரியும்.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகிற பஸ்ஸில் வீரய்யாவின் கதையைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். இறங்குவதற்குள் அதே கதையை மறுபடி சொன்னான். அதே இடத்தில் அதே அளவு சிரித்தான். பிறகு தனுஜா, அவன் மனைவி, அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மறந்து போய்விடுகிறார் என்றாள். சட்டைப் பொத்தான் போட அவனுக்கு வெகுநேரம் எடுத்தது. வெளிச்சம் கண்ணில் பட்டால் கெட்டவார்த்தை பேசினான். முன்பு பேசாதவன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இனிமேல் தலையில் அடி படவே கூடாது என்று தெளிவாகச் சொன்னார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும், ஆளைக் கட்டிலில் கட்டியா வைக்க முடியும்? யுகேஷ் படியில் இறங்கும்போதே சிரித்தான். ஹில்மி நானாவிடம் போனேன். "நான் சொல்லாம ஈக்கிறேனா மோகன்? நான் பழக்கலேண்டா இன்னொருத்தன்கிட்ட போவான். அங்க இதவிட மோசம். நான் என்ன செய்ற?" என்றார். தனுஜாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னாத்தான் அண்ணே கேப்பாரு. எனக்குப் பயமா இருக்கு" என்று என்னையே பார்த்தாள். எல்லோரும் கடைசியில் என்னையே பார்த்தார்கள்.

அவனிடமே கேட்டேன். "விட்டுர்றா. போதும்" என்றேன்.

"விட்டுட்டு? திரும்ப மூட்டை தூக்கவா?"

"நான் தூக்கல?"

"நீங்க தூக்குறீங்கண்ணே. ஒங்கள யாரு பாக்குறா?"

அவன் அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை. தலையில் அடி பட்டவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அவனுடைய வலது முழங்கை முறிந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறதோ தெரியாது. அதுவும் நான்தான். பழகும்போது கைப்பூட்டுப் போட்டேன். தட்டினான். கொஞ்சம் பிந்தி விட்டேன். கை முறிந்தால் சண்டை நிற்கும், சண்டை நின்றால் தலை பிழைக்கும் என்று நினைத்தேன். நியாயம்தானே. ஒரு கையைக் கொடுத்துத் தலையை எடுப்பது. எல்லோரும் கைதவறி நடந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நான் அழுதபோது, அவன்தான் இடது கையால் என் முதுகைத் தடவி, "நீங்க என்னத்துக்கு அழுவுறீங்க? என் கைதானே" என்றான்.

ஆனால் அந்தக் கை கோணலாகக் கூடியது. பிடி போய்விட்டது. பிடி இல்லாதவன் ஆளைக் கட்டிச் சாய்க்க முடியாது. கூண்டில் நின்றுதான் அடித்துக்கொள்ள வேண்டும். முன்பைவிட இரண்டு மடங்கு தலையில் வாங்கினான். இது நான் எதிர்பாராதது. அந்த இடத்தில் நான் யோசித்தது பிழையாகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகுதான் தாய்லாந்தில் ஒரு பயிற்சி முகாமிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும், தினமும் குத்துப் பழக்கம், பிறகு சண்டை. தனுஜா அழுதாள். அவன் பயணப்பை வாங்கிவிட்டான். உங்கள் கேள்வி புரிகிறது. இல்லை, அவன் என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் ஓர் ஆளைத்தான் கேட்டிருந்தார்கள். நான் பாஸ்போர்ட் எடுத்து வைத்தது அதற்காக இல்லை. கையில் ஒன்று இருக்கட்டும் என்று எடுத்தது. அங்கே அவன் தலையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

அன்று வெள்ளிக்கிழமை. ஹில்மி நானா ஜும்மாவுக்குப் போயிருந்தார். பழகுகிற மற்றப் பையன்களும் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் எப்போதும் பாயில் நாங்கள் இரண்டு பேர்தான். ஹில்மி நானா பிழை திருத்துவதற்காகப் பழைய ஃபோன் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி வீடியோ எடுப்பார். அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் அதை அணைக்கவில்லை. மறைக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

"வாங்கண்ணே, கடைசியா ஒருக்கா உருளுவோம்" என்றான். "நான் போனப்புறம் ஒங்க முட்டிக்கு கிரீஸ் போட்டு வைங்க. துருப்பிடிச்சிரும்."

கொஞ்ச நேரத்தில் நான் அவன் முதுகுப் பக்கம் போய்விட்டேன். கழுத்தைச் சுற்றிக் கையை விட்டேன். அந்தப் பூட்டை வலது கையால்தான் பிரிக்க வேண்டும். அவனுடைய வலது கை மடங்கவில்லை. அழுத்தினேன். என் முன்கையில் தட்டினான். எப்போதும்போல மெதுவாக, மரியாதையாகத் தட்டினான். பிறகு மறுபடி. பிறகு பாயில் கை படபடவென்று அடித்தது. பிறகு கால். அப்புறம் கனம் முழுவதும் என்மேல் சாய்ந்தது. மூட்டை ஒன்று சாய்கிற மாதிரி.

இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும், மயங்கியவனை அப்போதே விட்டால் சற்று நேரத்தில் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரிப்பான். விடாமல் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லித்தான் பழக்குகிறார்கள். எழுந்தால் அவன் தாய்லாந்துக்குப் போவான். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் தொழுகை முடிந்து, றோட்டில் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டபோது விட்டேன். உடனே வாயில் ஊதினேன், நெஞ்சை அமுக்கினேன். அதைச் செய்தவனும் நான்தான், அதையும் பதியுங்கள். கொல்வது என் எண்ணமாக இருந்தால் ஏன் ஊதப்போகிறேன்?

பிழைத்துவிட்டான். பேச்சு இல்லை, நடை இல்லை. கண் திறந்திருக்கும். கஞ்சியைக் குழாயில்தான் விட வேண்டும். வேலை முடிந்து தினமும் நான் போனேன். முகம் மழித்துவிட்டேன், துடைத்துவிட்டேன், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்தேன். தனுஜா எனக்குப் பிளேன்டீ போட்டுத்தந்து, "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிப் பாக்கமாட்டான்" என்பாள்.

அவன் வலது கை மட்டும் சில வேளை அசையும். நான் கட்டில் பக்கம் வந்தால் விரல்கள் விரிப்பில் தட்டும். நான் எழுந்து போனால் நின்றுவிடும். நரம்பு இழுப்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் தனுஜா கவனித்திருக்கிறாள். அவள் தொட்டால் தட்டவில்லை. ஹில்மி நானா வந்தபோது தட்டவில்லை. "இவரு ஏன் மோகன் அண்ணனக் கண்டா மட்டும் இப்பிடித் தட்டுறாரு?" என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அவர் முகம் மாறிப்போய், வீட்டுக்குப் போய் அந்தப் பழைய ஃபோனைத் தேடி எடுத்திருக்கிறார். அதில் என் முகம் தெரியவில்லை, அவன் தலை மறைக்கிறது. தட்டுகிற கை மட்டும் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அவர், மோகனுக்கு அது உணரவில்லை என்று இன்னும் சாதிக்கிறார். நல்ல மனிதர்.

ஆனால் அப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஐயா. இத்தனை வருடமாகப் பாயில் இருக்கிறேன். ஒருவன் தட்டி அதை நான் உணராமல் விட்டது ஒரு தரம்கூட இல்லை. அவன் தட்டினான். எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றேதான் நான் விடவில்லை. முழங்கையும் அப்படித்தான். இதை அப்படியே போடுங்கள்.

ஒரே ஒரு காரியம். தனுஜா சிறிய உருவம். அவனைத் தனியே புரட்டிப் போட அவளால் முடியாது; கனம் தூக்கிப் பழகிய ஆள் வேண்டும். என்னை அங்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னது, ஆறிவிடும். வீரய்யாவின் மூத்த மகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் கொஞ்ச காலத்துக்குப் பார்த்துக்கொள்வான்.

என்னை எத்தனை வருடம் உள்ளே வைப்பார்களோ தெரியாது. எத்தனை ஆனாலும் பரவாயில்லை. வெளியே வந்ததும் நேரே அங்கேதான் போவேன். அவன் அங்கேயே இருப்பான். இனி அவன் என்னை விட்டு எங்கும் போகமாட்டான்.