மூன்றாம் வகைக்கெழுவின் குறி

எங்கள் கணிதத் துறையில் யாரும் யாரையும் அதட்டுவதில்லை. நானும் லாவண்யாவை ஒருநாளும் அதட்டியதில்லை. விசாரணைக் குழுவினர் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிகழ்தகவுப் பரவல்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளக்கும் சார்புகளைப் பற்றியது என் ஆராய்ச்சி. சந்தாபுராவிலிருந்து ஆனேக்கலுக்குப் போனாலும் அங்கிருந்து திரும்பினாலும் தூரம் ஒன்றுதான். இங்கே அப்படியல்ல, எதிலிருந்து எதை அளக்கிறோம் என்ற வரிசை மாறினால் விடையும் மாறும். அப்படி ஒரு சார்பைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு வடிவியல் பிறக்கும். வடிவியலைக் கொடுத்துவிட்டு, அதைப் பெற்ற சார்பைக் கேட்டால்? அதற்குச் சுருக்கமான வழி தேடிப் பதினோரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த லாவண்யா, இரண்டாம் வருடமே ஒன்பது பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றாள்.

வீட்டில் சரிபார்த்தேன். மூன்றாம் வகைக்கெழுவில் குறி தலைகீழாக வந்தது. மறுநாள் கருத்தரங்கில், எல்லோர் முன்னாலும், மென்மையாகத்தான் சொன்னேன்.

“தர்ட் டெரிவேட்டிவ்ல சைன் மாறிடுதும்மா.”

“மூணு வாட்டி செக் பண்ணேன் சார்.”

“இன்னொரு வாட்டி பாரு.”

இரண்டு நாள் கழித்து என் தாளைத் திரும்ப எடுத்தபோதுதான் தெரிந்தது. என் பழக்கப்படி வரிசையை மாற்றி எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது. அவளுடைய ஒன்பது பக்கமும் சரி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், வயிறு எரிந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பதினான்கு மாதத்துத் திங்கட்கிழமைகள் வந்து போயின. இல்லாத தப்பை அவள் தேடிக்கொண்டிருந்தாள். வாராவாரம் புதுத் தாள்களோடு வருவாள். நானும் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பேன். என் தாளைக் காட்டுங்கள் என்று ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை. வழிகாட்டியே தப்பு செய்வார் என்று எங்கள் மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை.

உதவித்தொகை முடிகிற மாதம் அவள் அப்பா எத்திராஜ் வந்தார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எனக்குக் கணக்கே வரலப்பான்னு அழுவுது சார். நெஜமாவே வரலீங்களா?”

“எல்லாருக்கும் வராதுங்க” என்றேன்.

அடுத்த வாரம் அவள் விலகிக்கொண்டாள். எட்டு மாதம் கழித்து அந்த ஒன்பது பக்கமும் என் பெயரில் அச்சாயின. குறியீடுகளை மட்டும் என் பழக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். புகார் கொடுத்தது அவள் இல்லை, அன்று கருத்தரங்கில் இருந்த என் சக பேராசிரியர் ஓஸ்வால்ட். அவள் இப்போது ஜீவனஹள்ளியில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாளாம். கணிதப் புத்தகங்களையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம்.

நான் செய்தது திருட்டு. மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவள் எழுதியது முழுக்கச் சரி என்று அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இப்போதுதான் மனம் தேறியிருப்பாள், பாவம்.